முன்னால் போன ஏழாம் நம்பர்

அந்தச் செருப்புக்கடை விற்பனையாளருக்கு மனித முகங்கள் ஞாபகத்தில் நிற்பதில்லை. இருபத்தாறு வருடமாகக் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, ஊரார் கால்களைத் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டவர். கல்யாண வீட்டில் யாராவது "என்னைத் தெரியலையா?" என்று நின்றால், மரியாதையாகக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "அடடே, எட்டாம் நம்பர், அகலப் பாதம், வாங்க" என்பார். பார்த்த பார்வையிலேயே அளவு சொல்வார். அளந்து பார்த்துச் சந்தேகப்பட்ட முதலாளி மூக்குடைபட்டதுதான் மிச்சம்.

உட்கார்ந்தபடியே ஊரை நடக்கவிட்டவருக்கு ஐம்பத்து நான்காம் வயதில் கிறுக்குப் பிடித்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து ஆறு கடலில் கலக்கும் இடம் வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். வீடில்லை, கடையில்லை, வெறும் மணல். அதை முழுதாக நடந்தவர் எவருமில்லை என்று பேச்சு. தன்னந்தனியாக, முதல் ஆளாக நடக்கப்போவதாக அவர் கடைக்கு வந்த கால்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டார்.

"நானும் வரேங்க," என்றாள் மனைவி.

"நீயா? தெருமுனைக்குப் போயிட்டு வந்தாலே காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவே. உன் காலு பூ மாதிரிம்மா, தாங்காது."

"பூவா," என்றாள். கலங்கரை விளக்கத்துப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்கு முந்தின நாளே கிளம்பிப் போய்விட்டாள். தொல்லை விட்டது என்று இவர் புது ஷூவுக்குக் கயிறு கோத்தார்.

மறுநாள் காலை ஏழு மணி. தண்ணீர் வடிந்த ஈரமணல் கண்ணாடியாய் மின்னியது. கை வீசிப் பத்து நிமிடம் நடந்திருப்பார், சட்டென்று நின்றார். முன்னால் காலடித் தடம். சுடச்சுட, வெறுங்காலின் தடம்.

மண்டியிட்டார். பெண் கால். ஏழாம் நம்பர். கட்டைவிரல் அழுத்தம் ஜோர். ஊரில் தன் கைக்குச் சிக்காத கால் ஒன்று இருக்கிறதா? அதுவும் தன்னை முந்திக்கொண்டு?

ஓட்டமும் நடையுமாக விரட்டினார். நண்டுகள் சிதறின, பறவைக் கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கலைந்தது. ஓரிடத்தில் தடங்கள் தள்ளித் தள்ளி விழுந்திருந்தன, ஓடியிருக்கிறாள். இன்னோரிடத்தில் வட்டமடித்திருந்தன, ஆடியிருக்கிறாள். போட்டியை மறந்து அவரும் ஒரு சுற்று சுற்றினார். பாறை நிழலில் ஆரஞ்சுத் தோல், அறுபடாத ஒரே சுருளாக. வீட்டிலும் தினம் இப்படித்தான் கிடக்கும். தோலில் என்ன இருக்கிறது என்று தாண்டிப் போனார்.

ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அவர் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது பிற்பகல். கரைப் பாறையிலிருந்து தண்ணீரில் இரண்டு கால்கள் தொங்கின.

"ஏம்மா, ஏழாம் நம்பர்தானே?" என்றார் மூச்சிரைக்க, கால்களைப் பார்த்து.

"ஆமாங்க. ஆனா இருபத்தி மூணு வருஷமா ஆறாம் நம்பர்தான் கொண்டாந்து தர்றீங்க."

அப்போதுதான் முகத்தைப் பார்த்தார்.

"நீயா? ஏன் சொல்லலை?"

"கல்யாணமான வாரம் வாசப்படியில நின்னே ஆறுன்னு சொன்னீங்க. ஊருக்கே அளவு சொல்றவரு, நீங்களா தப்பு பண்ணுவீங்க? என் காலுதான் கோளாறுன்னு இருந்துட்டேன். நேத்து அக்கா செருப்பை மாட்டினேன், ஏழு. வலியே இல்லை. காலையில கொஞ்ச தூரம் நடந்து பார்ப்போம்னு வந்தேன், நிக்க மனசு வரலை. நனைஞ்சிடுமேன்னு கையில எடுத்துக்கிட்டேன்." அக்காவின் செருப்பு அவள் மடியில் பத்திரமாக இருந்தது.

அவர் தன் ஷூவைக் கழற்றினார். இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"பூ மாதிரி இருக்கு," என்றாள்.

திங்கட்கிழமை ஒரு வாடிக்கையாளர், "முதல் ஆளா நடந்துட்டீங்களாமே?" என்றார்.

"ரெண்டாவது ஆள். என்னை முந்திக்கிட்டு ஒரு ஏழாம் நம்பர் போயிடுச்சு." அவர் குரலில் முதல் ஆளின் குதூகலம் இருந்தது. "சரி, உங்களுக்கு என்ன அளவு?"

"நீங்கதான் பார்த்தே சொல்லிடுவீங்களே?"

"உட்காருங்க," என்று அளவுப் பலகையை எடுத்தார். "அளந்துடுவோம்."

கல்லாவிலிருந்த முதலாளி இருமி இருமிச் சிரித்தார்.