மோரிப் வரை பிடித்து வந்த கை

நான் பொய் சொல்வதாக இருந்தால் என்னை இவ்வளவு கோழையாகக் காட்டியிருக்க மாட்டேன். நம்பாதவர்கள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து என் வலது முழங்கையைப் பார்க்கலாம். எலும்பு கோணலாகக் கூடியிருக்கும். 1934-ஆம் வருஷம், ஆகஸ்ட் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி சுமாருக்கு முறிந்த எலும்பு அது.

அப்போது நான் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீசில் சைக்கிள் விடத் தெரியாத ஒரே ஆள். கேலி பொறுக்காமல் கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஏறத் தெரியும், மிதிக்கத் தெரியும். இறங்க மட்டும் தெரியாது. யாராவது பின்னால் வந்து சீட்டைப் பிடித்தால்தான் காலை ஊன்றுவேன். இந்த அழகில், ஆபீஸ் கூட்டாளிகள் இரவோடு இரவாக மோரிப் கடற்கரைக்குச் சைக்கிளில் கிளம்பியபோது நானும் சேர்ந்துகொண்டேன். மொத்தம் ஆறு பேர். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் ஏற்ற சவாரி, மெதுவாகத்தான் போவோம் என்று ஜெயராஜ் தைரியம் சொன்னார். அவர்தான் முன்னால் போகிறவர். வரிசையில் நான் ஐந்தாவது. எனக்குப் பின்னால், கடைசி ஆளாக, பட்டறை மேஸ்திரி வேலாயுதம். என் சீட்டைப் பிடிப்பது அவர் பொறுப்பு.

என் மனைவி சீதாலெட்சுமிக்கு அப்போது எட்டாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கடலில் கால் நனைக்கக் கூடாது என்பது எங்கள் சாங்கியம். கரையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

இரவு 9.15-க்குக் கிளம்பினோம். 12.20-க்குக் கிள்ளான் பாலத்தைத் தாண்டினோம். ஏற்றம் வரும்போதெல்லாம் வேலாயுதம் பக்கத்தில் வந்து ஒரு கையால் என் முதுகைத் தள்ளிவிட்டார். காய்ப்புக் காய்த்த, சூடான கை. அவருடைய விளக்கு வெளிச்சத்தில் என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக ஓடியது.

2.30-க்கு ஜெஞ்சாரோம் தாண்டி, ஒரு ரப்பர் தோட்டத்து ஓரமாக நின்றோம். நான் மரத்தோரம் ஒதுங்கிவிட்டு வருவதற்குள் மற்றவர்கள் நகர ஆரம்பித்துவிட்டார்கள். அவசரமாக ஏறி மிதித்தேன். முதுகில் கை வந்து பட்டது.

கை சில்லென்று இருந்தது.

பனியாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும்தான் கவனித்தேன். என் நிழலைக் காணோம். பின்னால் வெளிச்சமே இல்லை. அவர் விளக்கில் கார்பைட் தீர்ந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். புதிதாகப் பழகுகிறவன் தலையைத் திருப்பினால் குப்புற விழுவான்.

மணி 3.25 இருக்கும். வேலாயுதம் சைக்கிளின் செயின் வழியெல்லாம் கறக்... கறக்... என்று கத்திக்கொண்டே வந்தது. இப்போது அந்தச் சத்தம் இல்லை. வேறு ஒரு சத்தம்.

தப்... தப்... தப்...

வெறுங்காலோடு யாரோ ஓடி வருகிற சத்தம்.

"அண்ணே, சைக்கிள் என்ன ஆச்சு?"

காதோரம் ஒரு குரல்.

"புடிச்சிருக்கேன். பயப்படாதே தம்பி."

தொண்டை கட்டிய குரல். எந்த மனுஷனால் மைல் கணக்கில் இப்படி மூச்சு வாங்காமல் ஓட முடியும்? என் சட்டை முதுகு நனைந்து தண்ணீர் இடுப்பு வரை வழிந்தது. அன்று மழை இல்லை.

4.55. கடல் இரைச்சல் கேட்டது. அய்யூப் என்பவரின் கோப்பிக்கடை வெளிச்சத்தில் ஜெயராஜும் மற்றவர்களும் இறங்குவது தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. பிரேக்கை அழுத்தினேன்.

"அண்ணே, நிறுத்துங்க. நான் இறங்கணும்."

கை முதுகை விட்டுச் சீட்டுக்கு மாறியது.

நிற்கவில்லை.

கடை பின்னால் போனது. ஜெயராஜ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரோடு முடிந்தது. மணல்... ஈர மணல்... பிரேக்கை இறுக்கிப் பிடித்தும் சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது.

தப். தப். தப்.

கால் நனைந்தது.

சீதாலெட்சுமியின் முகம் கண்முன் வந்தது. கத்தினேன். பயத்தில் குரல் உதட்டைத் தாண்டவில்லை.

"அண்ணே விடுங்க... எனக்கு ஓட்ட வந்திருச்சு..."

சீட்டைப் பிடித்த கை இன்னும் இறுகியது.

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னே. இனிமே விடமாட்டேன்."

தண்ணீர் தொடைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தேன். முழங்கையில் மளுக்கென்று ஒரு சத்தம்.

ஜெயராஜ்தான் ஓடி வந்து இழுத்துப் போட்டார். சைக்கிள் கிடைக்கவில்லை. வெளிச்சம் வந்ததும் மணலைப் பார்த்தோம். ஒரு டயர் தடம் கடலை நோக்கிப் போயிருந்தது. அதை ஒட்டியே வெறுங்கால் தடம்.

5.50-க்கு வேலாயுதம் வந்து சேர்ந்தார். என் கையைப் பார்த்துப் பதறிப்போனார்.

"எனக்கு அந்த ரப்பர் தோட்டத்துலயே டயர் பஞ்சர்லா. ஒட்டிட்டு வரேன், நீங்க போங்கன்னு ஜெயராஜ்கிட்ட சொன்னேனே. நீ ஒதுங்கப் போயிருந்தே. திரும்பி வந்து ஏறுனதை நான் பார்க்கல."

பிரேக் பிடிக்கவில்லை என்று மழுப்பிவிட்டேன். அடுத்த மாதம் பையன் பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகம். கடலில் கால் நனைத்ததைச் சீதாலெட்சுமியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அக்டோபரில் ஜெயராஜ் மறுபடி மோரிப் போய்விட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். அந்தக் கால் தடம் அவரையும் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. அய்யூப்பிடம் விசாரித்திருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன் ஜெஞ்சாரோம் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆள் ஒருவன், கப்பலில் புதிதாக வந்திறங்கிய தன் தம்பிக்கு அந்த மணலில் சைக்கிள் பழக்கினானாம். சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடியவன் ஓரிடத்தில் கையை விட்டுவிட்டான். தம்பிக்கு இறங்கத் தெரியவில்லை. நேராகக் கடலுக்குள் போய்விட்டான். அண்ணனும் பின்னாலேயே ஓடினான். இரண்டு பேரும் திரும்பவில்லை.

பிடித்திருந்தவன் ஏன் விட்டானாம் என்று கேட்டேன்.

"தம்பிதான் கத்துனானாம். அய்யூப் கடை வரைக்கும் கேட்டிருக்கு. 'அண்ணே விடுங்க, எனக்கு ஓட்ட வந்திருச்சு'ன்னு."

தண்ணீருக்குள் நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை, அதுவரை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.