ஒரே நாளில் கத்தி

கயெம்பாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மகோகாதான் கூட்டாளி. கூட்டாளி என்பது ஊர் சொன்னது. எனக்கு வாயில் வேறு சொல் வருகிறது. மாடு மேய்க்கப் போனால் மாட்டைப் பார்ப்பது கயெம்பா, நிழலில் படுப்பது மகோகா. கயெம்பா வேறு பையனோடு பந்து விளையாடினால் அந்தப் பையன் அன்றைக்கு அடி வாங்குவான்.

"உனக்கு நான் இருக்கேன்ல, அவன் எதுக்குடா?" என்று தோளில் கை போட்டுக் கேட்பான் மகோகா.

பதினைந்து வயதில் இது எல்லை மீறியது. தன்னைத் திட்டிய தோட்டக்காரரின் கரும்புக்கு மகோகா தீ வைத்தான். உள்ளே காவல்காரர் படுத்திருந்தது அவனுக்குத் தெரியாது. உயிர் பிழைத்தார், ஆனால் இரண்டு கைகளும் வெந்துபோயின. தீப்பெட்டி கயெம்பா வீட்டு அடுப்படியில் எடுத்தது. மகோகா கேட்டான், இவன் எதற்கென்று கேட்காமலே கொடுத்தான், மடையன்.

"வாயத் திறந்தே, தீப்பெட்டி யாருதுன்னு நானும் சொல்லுவேன்" என்றான் மகோகா.

என்ன ஆனாலும் சொல்லிவிடுவதென்று கயெம்பா தவித்துக்கொண்டிருந்தபோதே ஆகஸ்டு நெருங்கிவிட்டது. கென்யாவில் எங்கள் புகுசு இனத்தில் பையன்கள் முன்தோல் அறுக்கும் கத்திக்கு அசையாமல் நின்று ஆண்பிள்ளையாகும் மாதம் அது. ஒரே நாளில் ஒரே இடத்தில் கத்தி பட்டவர்கள் பகோகி. கூடப்பிறந்தவனைக்கூடக் கைவிடலாம், பகோகியைக் காட்டிக்கொடுத்தவனை ஊர் சாகும்வரை சேர்க்காது.

"எங்க முற்றத்துலதான் ரெண்டு பேரும் நிக்கிறோம். உங்க அப்பாகிட்ட பேசிட்டேன்" என்றான் மகோகா.

பகோகி ஆகிவிட்டால் பிறகு வாயே திறக்க முடியாது என்று கயெம்பாவுக்குப் புரிந்தது. மறுநாள் அம்மாவிடம் போய் நின்றான்.

"அம்மா, கத்தின்னா பயமா இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

"மரத்துப்போற ஊசி போட்டுக்கிட்டவன்னு ஆயுசுக்கும் கேலி பண்ணுவாங்கடா. உங்க அப்பா வெளிய தலைகாட்ட முடியுமா?"

"பண்ணட்டும்மா."

கத்திக்கு அவன் பயப்படவேயில்லை. அம்மாவிடம் நிஜத்தைச் சொல்ல நா எழவில்லை, அவ்வளவுதான். அவள் அழுதாள். பிறகு யாருக்கும் சொல்லாமல் அவனை பஸ் ஏற்றிக் கூட்டிப்போனாள்.

எல்லாம் முடிந்து கட்டிலில் கிடந்தபோது அவனுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. ஊர் சிரிக்கட்டும். புண் ஆறியதும் நேராகப் போலீசுக்குப் போய்விடலாம்.

சாயங்காலம் பக்கத்துக் கட்டிலுக்கு ஒருவனைத் தாங்கிக் கொண்டுவந்தார்கள். மகோகா. பின்னால் அவன் அண்ணன்.

"பஸ் ஏறுனதப் பாத்துட்டேன். உன்னத் தனியா விட்டுருவேனா?" என்று சிரித்தான் மகோகா.

"உன்னையும் கேலி பண்ணுவாங்க."

"பண்ணட்டும்டா. ஒரே நாளு, ஒரே இடம். இனி நாம பகோகி."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டுவந்த கஞ்சியை முதலில் மகோகாவுக்குத்தான் ஊற்றினாள்.

"உனக்காகத் தன் மானத்தையே விட்டுட்டு வந்திருக்கான் பாரு. இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குடா கிடைப்பான்?"

கயெம்பா போலீசுக்குப் போகவில்லை. இன்று அவனுக்கு ஐம்பது வயது. மகோகாவின் லாரியைத்தான் ஓட்டுகிறான்.