கொஸ்லந்தைக்குப் போக வேண்டியவள்

1914-இல் ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு இரண்டு வருடம் முந்தி, ஐப்பசி அடைமழையில் நடந்தது இது. அப்போது இலங்கை மலைநாட்டில் பதுளைக்கு ரயில் கிடையாது. பண்டாரவளையோடு தண்டவாளம் முடிந்துவிடும். ஒரு ஸ்டேசன், ஏழெட்டு முஸ்லிம் கடைகள், மாட்டுவண்டிகள், முழங்கால் சேறு, ஊர் அவ்வளவுதான். ஆனால் ஊவாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு வேலைக்கு வரும் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் இறங்கி, திசைக்கொரு கூட்டமாகப் பிரிவார்கள்.

பிரித்துவிடுவது என் வேலை. இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும் ஒவ்வொருவர் கழுத்திலும் தோட்டத்து நம்பர் அடித்த தகரத் துண்டு கயிற்றில் தொங்கும். நம்பரைப் பார்த்து, ஆட்களை மேய்க்கும் அந்தந்தத் தோட்டத்துக் கங்காணியிடம் தள்ளிவிட வேண்டும். முகத்தைப் பார்க்கத் தேவையில்லை, நானும் பார்த்ததில்லை. நாலெழுத்து படித்தவன் என்ற திமிர் எனக்குக் கொஞ்சநஞ்சமல்ல.

அன்றைக்கு ஆண்களை மூட்டைகளோடு முதலில் அனுப்பிவிட்டேன். பிறகு பெண்கள். இருபது வயதிருக்கும், ஒருத்தி தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அதில் நமுனுகுலைத் தோட்டத்து நம்பர் இருந்தது.

"ஐயா, இது என்னுது இல்லீங்க. தாலி கெடக்குற கழுத்துல தகரமும் தொங்கக் கூடாதுன்னு கழட்டி, பக்கத்துல இருந்த அக்கா பையில அவுங்க தகரத்தோட போட்டு வச்சேன். எடுக்கையில ரெண்டும் மாறிப்போச்சுங்க. எங்க வீட்டுக்காரரு கொஸ்லந்தைத் தோட்டத்துக்கில்ல போறாரு!"

அந்த அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன். உண்மையைச் சொன்னால் திருப்பிக் கப்பலேற்றிவிடுவார்கள் என்று பயந்தாளோ என்னவோ, தன் கழுத்தில் கிடப்பது தன்னுடையதுதான் என்று தலையாட்டினாள். சொந்தக்காரர்களோடு சேர்ந்து போக இப்படிக் கதை சொல்லும் பெண்களை நிறையப் பார்த்தவன் நான். ஒரு ஆளை ஓடவிட்டிருந்தால் முன்னால் போன புருசனையே கேட்டிருக்கலாம். மழையில் யார் ஓடுவது?

"தகரத்துல என்ன இருக்கோ அதுதான். நட" என்றேன்.

அவள் என் காலைப் பிடித்தாள். உதறினேன். இதை எழுதக் கை கூசுகிறது.

ஐந்தாம் நாள் அவள் புருசன் கொஸ்லந்தையிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தான். பெஞ்சாதி வரவில்லை என்று சொன்னதற்கு, வர வேண்டிய பெண்கள் எல்லாரும் வந்தாயிற்று என்று கங்காணி விரட்டிவிட்டானாம். தோட்டத்துக்குத் தெரியாமல் தப்பி வந்திருந்தான். உண்மையைச் சொல்லி, நமுனுகுலைக்கு வழிகாட்டி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துத் தனியாகத் திரும்பினான். அங்கே கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு ராத்திரி தங்கியவள், மறுநாள் விடியற்காலையிலேயே கொஸ்லந்தையைத் தேடிக் கிளம்பிவிட்டாளாம். வழி தெரியாது, சிங்களமும் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் மலையும் காடும். அவள் எங்கேயும் போய்ச் சேரவில்லை. நானும் அவனுமாக ஒரு வாரம் பாதை பாதையாகத் தேடினோம். கிடைக்கவில்லை.

அவள் லயத்தில் கழற்றிப் போட்டுவிட்டுப் போன தகரத்தை அவன் மடியில் வைத்திருந்தான். கடைசி நாள் அதை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இதுல என்னங்க எழுதியிருக்கு?"

"தோட்டத்து நம்பர்."

"அவ பேரு இல்லீங்களா?"

இல்லை என்றேன். அவன் அதை வாங்கித் துடைத்து மறுபடியும் மடியில் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஸ்டேசனுக்கு வந்து, இறங்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு வருவதில்லை. நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது தண்டவாளத்தைப் பதுளை வரைக்கும் நீட்டுகிறார்கள். அவனிடம்கூட அவள் பேரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் கழித்து, அவளை நினைத்து அழுவதற்கும் என்னிடம் ஒரு நம்பர்தான் இருக்கிறது.