மருந்தைத் துப்பாதவள்

சாலம்மாளுக்கு மதிக்கத்தக்க ஆள் என்று உலகத்தில் ஒருத்தரும் கிடையாது. கச்சிராயபாளையத்துத் தெருக்களில் மீன் விற்கிறவள், ஐம்பது வயது. கோமுகி அணையில் விடியற்காலையில் வலை இழுப்பவர்கள் அவளுக்குச் சோம்பேறிகள். மீனுக்குப் பேரம் பேசுகிறவர்கள் பிச்சைக்காரர்கள். பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் ஏமாளிகள். கட்டின புருஷன் வேடியப்பனை என்ன சொல்லித் திட்டுவாள் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டே இருபத்தெட்டு வருஷம் சாப்பிட்டார், தூங்கினார், ஒரே பெண்ணைச் சின்னசேலத்தில் கட்டியும் கொடுத்துவிட்டார்.

அவள் இவ்வளவு இளக்காரத்தோடு வாழ முடிந்ததற்குக் காரணம் அவளுடைய தொண்டை. அன்னக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலாவது தெருவில் புளி ஊறப் போட்டுவிடுவார்கள். கட்லாவா ஜிலேபியா என்று யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை, அதையும் அந்தக் குரலே சொல்லிவிடும். வாய்ச்சண்டையில் அவளிடம் நின்றவர்கள் உண்டு, ஜெயித்தவர்கள் இல்லை. கலையரசன் என்றொருவன் மொபெட்டில் மீன் பெட்டியும் ஒலிபெருக்கியும் கட்டிக்கொண்டு புதிதாக வந்தபோது, "மிசினுக்கு வாய வாடகைக்கி வுட்டவன்" என்று சொல்லி அவனைத் தெருத் தெருவாக விரட்டியிருக்கிறாள்.

இப்பேர்ப்பட்டவளுக்கு நெஞ்சு மட்டும் சரியில்லை. இழுப்பு. கரும்பு வெட்டி முடித்து, வயலில் கிடக்கிற காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துகிற மாதங்களில் ஊரே புகைக்குள் கிடக்கும், இவள் சுவரில் முதுகை முட்டுக் கொடுத்து உட்கார்ந்துகொண்டு மூச்சுக்கு அல்லாடுவாள். அந்த நேரத்திலும் கொளுத்தியவனின் ஏழு தலைமுறையை மனசுக்குள் திட்டிக்கொண்டுதான் இருப்பாள்.

முதலில் கல்வராயன் மலைக்குப் போனாள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு வைத்தியர் இருந்தார். ஒரு பொடியைக் கொடுத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவிக்கொள்ளச் சொன்னார். தடவிய பிறகு அரைமணி நேரம் வாயில் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, எச்சிலைக்கூடத் துப்பக்கூடாது, துப்பினால் மருந்துக்கு அவமானம், பலிக்காது என்று கட்டளையும் போட்டார். இரண்டு வருஷம் தின்றாள். இழுப்பு அசையவே இல்லை. கடைசியில் அவரையும் ஏமாற்றுக்காரன் என்று தள்ளிவிட்டாள். ஆனால் மனுஷ புத்தி எவ்வளவு கோணல் என்று பாருங்கள், பொடியைத் தூக்கிப் போட்டவள் கட்டளையைத் தூக்கிப் போடவில்லை. மருந்தென்றால் வாயில் தங்க வேண்டும், துப்பக் கூடாது என்பது அவளுக்குள் ஊறிப்போய்விட்டது.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பம்பு கொடுத்தார்கள். ராதிகா என்கிற நர்ஸ், சாலம்மாளின் மகள் வயசுக்காரி, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

"இந்த ஆரஞ்சு மூடி, வராம தடுக்கறதும்மா. காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. இழுப்பு இருந்தாலும் இல்லன்னாலும் டெய்லி எடுக்கணும். எடுத்த ஒடனே ஒண்ணும் தெரியாது, ரெண்டு வாரம் பொறுக்கணும். நீலம் அவசரத்துக்கு மட்டும். பம்ப இந்தப் பிளாஸ்டிக் குழாய்ல மாட்டி இழுங்க, அப்பதான் மருந்து வாய்ல ஒட்டாம நெஞ்சுக்குப் போவும். ஆரஞ்சு இழுத்து முடிச்சதும் தண்ணி ஊத்தி, தொண்டை வரைக்கும் நல்லா கொப்பளிச்சித் துப்பிடுங்க. இத மட்டும் மறக்காதீங்க."

சாலம்மாள் மறக்கவில்லை, மதிக்கவில்லை. நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண்ணுக்கு மருந்தைப் பற்றி என்ன தெரியும்? வாயில் போட்ட மருந்தைத் துப்பச் சொல்கிறவளும் ஒரு நர்ஸா? அந்தக் குழாயைப் பற்றியும் அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது. நேராக வாய்க்குள் அடிக்கிற மருந்தைக் குழாயில் சுற்ற விட்டால் அதன் வீரியம் போய்விடாதா? வீட்டுக்கு வந்ததும் குழாயைப் பரணில் போட்டாள். பம்பை வாயில் வைத்து நேராக அடித்துக்கொண்டாள், அரைமணி நேரம் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். வேடியப்பன் அந்த அரைமணி நேரத்துக்காகவே அந்தப் பம்பைக் கும்பிட்டார்.

இந்த அரைகுறை வித்தையிலும் கொஞ்சம் மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்துதான் இருக்க வேண்டும். மூன்றாம் வாரம் இழுப்பு அடங்கியது. அணைக்கரை மேட்டை நிற்காமல் ஏறினாள். சின்னசேலத்துக்குப் போன் போட்டு மகள் ஷாலினியிடம் பெருமை அடித்தாள். ஷாலினிக்கும் அம்மாவின் நெஞ்சுதான், அதே இழுப்பு, அதே ஆரஞ்சுப் பம்பு. அப்போது அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் மாமியார் கோகிலவாணி அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருமகள் இரண்டு வேளையும் குழாய் மாட்டி இழுத்து, கொப்பளித்துத் துப்புகிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பாள். சாலம்மாள் அவளை 'சத்துமாவு டீச்சர்' என்றுதான் குறிப்பிடுவாள், சம்பந்தி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

இரண்டாம் மாதம் முடியும்போது தொண்டை கரகரத்தது. சளி என்று நினைத்தாள். பிறகு தெருமுனையில் குரல் கொடுத்தால் காற்றுதான் வந்தது. நாக்கில் தயிர் ஆடை மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் படிந்தன, காரம் பட்டால் எரிந்தது. ஊருக்கு இதைவிடச் சந்தோஷம் வேறு என்ன வேண்டும்? வருஷக்கணக்கில் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் வேண்டுமென்றே எதிரே வந்து, "இன்னா சாலம்மா, சத்தமே காணோம்" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கலையரசனின் ஒலிபெருக்கி அவள் நிற்கிற முனைக்கே வந்து நின்று கத்தியது. அவளால் அவனை ஒரு வார்த்தை திட்ட முடியவில்லை. கூடை மீன் கூடையிலேயே கிடந்து நாறியது.

பம்புதான் தொண்டையைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அவளுக்கு மேலே யார் இருக்கிறார்கள்? ஆரஞ்சுப் பம்பை மீன் செதிலோடு சேர்த்துக் குப்பையில் கொட்டினாள். கையோடு ஷாலினிக்குப் போன் போட்டு, இருக்கிற குரலைத் திரட்டிச் சொன்னாள்: "வயித்துல புள்ளய வெச்சிக்கினு அந்த வெசத்த இழுக்காத. என் தொண்டயப் பாத்தும் புத்தி வரலியா?"

"அத்த நிறுத்தக் கூடாதுன்றாங்களேம்மா."

"மாவு கிண்டனவளுக்கு இன்னா தெரியும்? நான் பெத்தவ சொல்றேன்."

உண்மையைச் சொன்னால், கோகிலவாணி தொடரச் சொன்னதே நிறுத்தச் சொல்வதற்குப் போதுமான காரணமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்து மேலத்தெருவுக்குப் பின்னால் சோகையைக் கொளுத்தினார்கள். மூக்கில் புகை ஏறிய கொஞ்ச நேரத்தில் சாலம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். நீலப் பம்பை அடித்தாள், திரும்பத் திரும்ப அடித்தாள், அடங்கவில்லை. உதடு கறுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிக்கொண்டு போனது. வேடியப்பன் ஒரு கையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே போனார். மூக்கிலும் வாயிலும் முகமூடி மாட்டிப் புகை மருந்து கொடுத்து, ஊசி போட்டு, மறுநாள் காலையில்தான் அவளால் ஒரு முழு வார்த்தை பேச முடிந்தது. அதுவும் கிசுகிசுப்பாக.

ராதிகா வந்தாள். டார்ச்சை அடித்தாள். "நாக்க நீட்டுங்கம்மா."

நீட்டினாள்.

"ஆரஞ்சு இழுத்துட்டுக் கொப்பளிச்சீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"குழாய்?"

பரண் இருக்கும் திசையாக நினைத்துக்கொண்டு சாலம்மாள் கையை மேலே காட்டினாள். ஏன் என்று ராதிகா கேட்டாள். சாலம்மாள் மலை வைத்தியர் சொன்னதை, அரைமணி நேரக் கணக்கை, துப்பினால் மருந்துக்கு அவமானம் என்பதைக் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பில் சொல்லும்போது அது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே காதில் விழுந்தது.

ராதிகா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை சாலம்மாளுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. அழுகின மீனை மோந்து பார்த்தும் வாங்கிக்கொண்டு போகிறவர்களை அவள் அப்படித்தான் பார்ப்பாள். ஆயுசு முழுக்க ஊருக்குக் கொடுத்தது இன்றைக்குத் தன் மேல் விழுந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"மருந்து வேல செய்யற எடம் நெஞ்சும்மா," என்றாள் ராதிகா. "வாய்ல தங்கறது ஒண்ணத்துக்கும் ஒதவாது. பூஞ்ச பிடிக்கும், கொரலக் கெடுக்கும். அதான் துப்பச் சொல்றது. இதுக்குச் சொட்டு மருந்து தராங்க, சரியாப் பூடும். கொரலும் வரும், கொஞ்ச நாள் ஆவும். ஆனா பம்ப நீங்களா நிறுத்துனீங்க பாருங்க, அதான் உங்கள இங்க கொண்டாந்து போட்டுச்சு. தொந்தரவு இருந்தா எங்ககிட்ட வந்து கேக்கணும்."

சாலம்மாளுக்கு அப்போதுதான் சுருக்கென்றது. ராதிகாவின் கையைப் பிடித்தாள். "சிஸ்டரு, புள்ளத்தாச்சி அத இழுக்கலாமா?"

"டாக்டர் குடுத்தத இழுத்துதாம்மா ஆவணும். நிறுத்தறதுதான் ஆபத்து. தாய்க்கு மூச்சு கம்மியானா உள்ள இருக்கற புள்ளைக்கும் கம்மிதான். யாருக்குக் கேக்கறீங்க?"

சாலம்மாள் வேடியப்பனிடமிருந்து போனைப் பிடுங்கினாள்.

"சாலினி, பம்ப எடுத்துக்க. நிறுத்தாத," என்றாள். தொண்டையிலிருந்து காற்று வந்தது.

"கேக்கலம்மா... இன்னா சொல்ற?" ஷாலினி இரண்டு வார்த்தைக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "உன் கொரல... எப்படிப் பண்ணி வெச்சிருக்கு பாரு அது. நல்லவேளம்மா... நீ சொன்ன அன்னிக்கே... நிறுத்திட்டேன்."

வேடியப்பன் போனை வாங்கி எவ்வளவோ எடுத்துச் சொன்னார், அம்மா வாயால் கேட்காமல் அதைத் தொடமாட்டேன் என்றுவிட்டாள் ஷாலினி. இரண்டாம் நாள் மாலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவைத்தார்கள். சாலம்மாள் வீட்டுக்குப் போகவில்லை. வேடியப்பனைப் பின்னால் வரவிட்டு, சின்னசேலம் பஸ்ஸில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரு பொய்யைத் தயார் செய்தாள். டாக்டர் முதலில் தப்பான பம்பைக் கொடுத்துவிட்டார், இப்போது வேறு கொடுத்திருக்கிறார் என்று சொல்லலாம். தன் மேல் பழி வராது. ஆனால் அதைக் கேட்ட ஷாலினி அதற்கப்புறம் எந்த டாக்டர் கொடுக்கிற பம்பைத் தொடுவாள்? இறங்குகிற வரைக்கும் வேறு பொய் அகப்படவில்லை.

ஷாலினி நாற்காலியில் முன்னால் குனிந்து, முழங்காலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி இறங்கியது. நீலப் பம்பு மடியில் கிடந்தது. காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை அடித்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன் என்கிறாளாம், திரும்ப அந்த ஆரஞ்சைத்தான் கொடுப்பார்களாம். கோகிலவாணி சொல்லிவிட்டு மார்பில் கை கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நிற்பில் எத்தனை வருஷத்துச் 'சத்துமாவு டீச்சர்' இருந்தது என்று சாலம்மாளுக்குத் தெரியும்.

சாலம்மாள் மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வாயை ஆவென்று திறந்து நாக்கை நீட்டிக் காட்டினாள். பிறகு சொன்னாள். "பம்பு மேல குத்தமில்ல. துப்பச் சொன்னாங்க, நான் துப்பல. எனக்குத்தான் அறிவில்ல."

"இன்னாம்மா? கேக்கல."

மறுபடி சொன்னாள். கழுத்து நரம்பு புடைத்ததே தவிரச் சத்தம் வரவில்லை. ஷாலினி குழம்பிப்போய் மாமியாரைப் பார்த்தாள்.

கோகிலவாணிக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது. முப்பது வருஷம் நாற்பது பிள்ளைகளை அடக்கிய குரலை எடுத்து, எதிர் வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வருகிற மாதிரி சொன்னாள்: "பம்பு நல்ல பம்புதானாம்மா. உங்கம்மா கொப்பளிக்காம உட்டதாலதான் தொண்ட போச்சாம். அவங்களுக்குத்தான் அறிவில்லயாம். அவங்களே சொல்றாங்க."

ஷாலினி அம்மாவைப் பார்த்தாள். "நெசமாம்மா?"

எதிர் வீட்டு வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். சாலம்மாள் அவர்களுக்கும் தெரிகிற மாதிரி, நன்றாக, இரண்டு தரம் தலையை ஆட்டினாள்.

"அப்ப ஆஸ்பத்திரிக்கிப் போலாம் அத்த," என்று ஷாலினி எழுந்து செருப்பைத் தேடினாள்.