பரீதாக்காவின் திரையில் மறைவிடம் இல்லை

கணினி சரிசெய்பவர்களுக்குக் கேட்டதை மட்டும் செய்துவிட்டுப் போகும் நல்ல பழக்கம் கிடையாது. உங்கள் கணினியிலும் எங்களில் ஒருவன் கை வைத்திருப்பான், நீங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

ஒரு வாரத் தவணை

ஊட்டி காந்தலில் ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கும் பரீதாக்காவின் கிழட்டுக் கணினி திணறியது. காத்திருந்து சலித்தவர்கள் எதிர்க்கடைக்கு நகர ஆரம்பித்திருந்தார்கள். வேகம் கூட்டத்தான் கூப்பிட்டார். நான் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டதோடு, எனக்குப் பிடித்த டைலிங் விண்டோ மேனேஜரையும் ஏற்றினேன். அது விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாது. தரையில் டைல்ஸ் பதிப்பதுபோல் பக்கம்பக்கமாகப் பரப்பும். பரீதாக்கா திரையைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"ஒரு வாரம் பாக்கறனுங்க. ஆளு இன்னும் கொறஞ்சா, பழசையே போட்டுக் குடுத்துருங்க."

மாமியார் வெளியே வந்தார்

மறுநாளே அழைப்பு. விண்ணப்பத்துக்குப் பின்னால் ஒளித்து சீரியல் பார்ப்பது அவர் வழக்கம். இப்போது 'பின்னால்' என்று ஓர் இடமே இல்லை. பாதித் திரையில் வருமானச் சான்றிதழ், மீதிப் பாதியில் மாமியார் அழுகிறார். "இதற்கு வெளிப்படைத்தன்மை என்று பெயர்" என்று விளக்கினேன்.

"ஏனுங்க, வேல முடிஞ்சவங்களும் உக்காந்து சீரியல் பாக்கறாங்க. ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க!"

தீப்பெட்டிகள்

மழைக்கு ஒதுங்கியவர்களும் விண்ணப்பிக்க உட்கார்ந்ததில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர். பரீதாக்கா எட்டுப் பேருக்கும் எட்டு விண்டோ திறந்தார். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதே கணினிக்குள் ஒன்று முதல் ஒன்பது வரை தனித்தனித் திரைகள் உண்டு, விண்டோஸ் விசையோடு எண்ணை அழுத்தினால் மாறும் என்று போனில் சொன்னேன். அடுத்த முறை போனபோது ஆட்களையே எண் வரிசையில் உட்கார வைத்திருந்தார். சீரியல் ஒன்பதாம் திரையில் பத்திரமாக இருந்தது.

"நாலாம் நம்பரு, டீ குடிக்கப் போயிராதீங்க. அடுத்தது உங்க தெரைதான்!"

ஏழாம் நாள்

தவணை முடிந்தது, கேட்டால் பழையதைத் திரும்பப் போடலாமென்று பென் டிரைவோடு போனேன். காந்தலில் தங்கை வீட்டுக்கு வந்திருந்த பந்தலூர் எஸ்டேட் தொழிலாளி ஒருவர், மகளின் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். அன்றுதான் கடைசி நாள். திரையில் இடப்பக்கம் மகளின் பள்ளிச் சான்றிதழ், வலப்பக்கம் பரீதாக்கா நிரப்பிய விண்ணப்பம். பரீதாக்கா அதை அனுப்பப் போகையில் அந்தத் தொழிலாளியின் விரல் திரையைத் தொட்டது. "பொறுங்க தங்கச்சி. இந்தப் பக்கம் இருக்கிற மகளவிட அந்தப் பக்கம் இருக்கிற மகளுக்குப் பத்து வயசு கூட. எனக்கு இருக்கிறது ஒரு புள்ளதான்!"

பரீதாக்கா பிறந்த வருடத்தைத் திருத்தி அனுப்பி, ஏற்கப்பட்டது என்று வந்த பிறகே மூச்சு விட்டார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"அதப் பைக்குள்ள வெய்ங்க. சான்றிதழ் அடியில மறைஞ்சிருந்தா அந்தப் புள்ள படிப்பே போயிருக்கும். எதுத்த கடைக்கும் இதப் போட்டுக் குடுத்தீங்கன்னா, அப்பறம் இந்தப் பக்கமே வராதீங்க!"

இந்த மென்பொருளின் அருமையை ஐந்து வருடமாக நான் விளக்கி ஒருவரும் மாறியதில்லை. பரீதாக்காவை மாற்றியதும் என் விளக்கமல்ல, அவரே செய்த பிழை.