இடது கையில் ஏழு வளையல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அல்லிநகரத்தில் ஒரு ட்யூஷன் சென்டரின் மாடியில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம். ஆறு பேருக்கும் மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு எல்லாம் முடிந்தது. ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் பயிற்சி சொல்லித் தருகிறார். சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏற வேண்டும். பிறகு அந்த வாரம் எத்தனை நாள் நடந்தோம், கீரை சாப்பிட்டோமா, டீயில் சீனியைக் குறைத்தோமா என்று ஒவ்வொருத்தியையும் குடைவார். கடைசியாகத் தையல் டேப்பை எடுத்து, ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை மூன்று இடங்களில் அளந்து நோட்டில் எழுதுவார்.

எனக்கு இடது பக்கம். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் கையில் நீர் கோத்துக்கொள்ளும். ஒருமுறை நன்றாக வீங்கிவிட்டால் பழையபடி வற்றுவது லேசில்லை. ஊசி கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதையும் மாட்டக் கூடாது. நான் பிளவுஸ் தைத்துப் பிழைப்பவள். மெஷினில் துணியைப் பிடித்துத் தள்ளிக்கொடுப்பது இடது கைதான். அந்தக் கை போனால் பிழைப்பும் போகும்.

ஒருமுறை லேபில் ரத்தம் எடுக்க ஒரு பெண் அந்தக் கையில் ரப்பரைச் சுற்ற வந்தாள். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அப்பேர்ப்பட்ட வாய் எனக்கு. தேவதானப்பட்டியில் என் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது அது அடைத்துப்போனது.

மகளைக் கட்டிக்கொடுத்த மூன்றாவது மாதம்தான் எனக்கு நோய் என்று தெரிந்தது. அம்மாவுக்கு வந்தால் மகளுக்கும் வரும் என்று யாராவது கிளப்பிவிட்டு அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன். கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவைத்தோம். முடி கொட்டியிருந்த மாதங்களில் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. மகளிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டேன். மாப்பிள்ளைக்குக்கூடத் தெரியாது.

மகளுக்கு ஏழாம் மாதம், அவர்கள் வீட்டிலேயே வளைகாப்பு. விடிந்ததிலிருந்து நின்றுகொண்டு ஐந்து வகைச் சோறு கிளறியதில் கை ஏற்கெனவே கனத்துக் கிடந்தது. மகளுக்கு அடுக்கி முடித்ததும் வளையல்காரர் மற்றப் பெண்களுக்குப் போட உட்கார்ந்தார். சம்பந்தியம்மா என் இடது கையைப் பிடித்து அவர் முன்னால் நீட்டிவிட்டார்.

"வலது கையில மட்டும் போதும் மதினி" என்றேன்.

"ஒத்தக் கையில போட்டா நல்லாவா இருக்கும்? ஒங்க மக வளைகாப்புல நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?"

மகள் மணையிலிருந்து என்னையே பார்த்தாள். சந்தனம் பூசிய முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை.

"அளவு கொஞ்சம் சின்னது ஆத்தா, கையத் தளத்துங்க" என்று வளையல்காரர் முட்டியை அமுக்கி அமுக்கி ஏழு கண்ணாடி வளையல்களை ஏற்றிவிட்டார். பிறகு வலது கைக்கும் போட்டார்.

பந்தி முடிவதற்குள் விரல்கள் மடங்கவில்லை. பின்கட்டுக் குளியலறைக்குள் போய் சோப்பு போட்டு இழுத்தேன். ஒன்றுகூட நகரவில்லை. வளையல்கள் சதைக்குள் பதிந்திருந்தன. நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"ஒடச்சிருங்கம்மா, இப்பவே. கண்ணாடி கிழிச்சிராமப் பாத்துக்கங்க. புண்ணு வந்தா காச்சல் வந்துரும். ஒடச்சதும் கையத் தூக்கி வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில போய்க் காட்டுங்க."

"வளைகாப்பு வீட்டுல எப்பிடிம்மா ஒடைக்கிறது?"

"கை வேணுமா, வளையல் வேணுமா?" என்றார்.

புருஷன் செத்தால்தான் எங்களில் வளையலை உடைப்பார்கள். வயிற்றுப் பிள்ளைக்காகப் போட்ட வளையலை அதே நாளில் பாட்டியாகப் போகிறவளே உடைத்தால் என்ன பேச்சு கிளம்பும்? உடைக்கலாம் என்று துணிந்தாலும் ஒற்றைக் கையால் துணியைச் சுற்றித் தட்டவும் எப்படி முடியும்? புறங்கை நீலம் பாரிக்க ஆரம்பித்திருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "மதினி, இங்கன என்ன இம்புட்டு நேரம்?"

திறந்தேன். சம்பந்தியம்மாவின் பார்வை நேராக என் கைக்குப் போனது. உள்ளதை அப்படியே கொட்டிவிட்டேன்.

"எனக்குப் பண்ணுனது கர்ப்பப்பை ஆபரேஷன் இல்ல மதினி. மாருல கேன்சர். இந்தக் கை வீங்குது. வளையல ஒடைக்கணும்."

கூச்சல் போடப்போகிறார் என்று நினைத்தேன். உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டார். கொடியில் கிடந்த துண்டை நனைத்து, அதன் ஓரத்தை வளையலுக்கும் சதைக்கும் இடையில் திணித்து, மிச்சத்தை மேலே சுற்றினார். என் மணிக்கட்டைத் துவைகல்லில் வைத்து, பித்தளைச் செம்பால் பதமாகத் தட்டினார். ஏழு முறை 'டக்' என்று கேட்டது. வெளியே மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீறல்கூட விழவில்லை.

கண்ணாடித் துண்டுகளை அவரே பொறுக்கினார்.

"எம் மக மேல கோவப்படாதீக மதினி. நாந்தான் சொல்லக் கூடாதுன்னேன்."

"மொதல்ல எப்பிடித் தெரிஞ்சது? வலிச்சுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. குளிக்கையில கையில தட்டுப்பட்டுச்சு. வலியே இல்ல."

அவர் முகம் வெளுத்தது. என் வலது கையை எடுத்துத் தன் சேலைக்குள் மார்பின் ஓரமாக வைத்து அழுத்தினார். புளியங்கொட்டை அளவுக்குக் கெட்டியாக விரலில் தட்டியது.

"எனக்கும் வலிக்கல மதினி. தீவாளிக்கு முந்தியே இருக்கு. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுல இதப் போயி யார்ட்டச் சொல்ல?"

எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. நான் வாயைத் திறந்திருந்தால் அந்த அம்மா தீபாவளிக்கே என்னிடம் வந்திருப்பார். "நாளைக்கே டாக்டர்ட்டப் போறோம். இது சாதாரணக் கட்டியா, வேற எதுவுமான்னு அவுகதான் சொல்லணும். நான் கூட வாரேன்" என்றேன். சரி என்று தலையாட்டினார். கண் நிறைந்திருந்தது.

வெளியே வந்தோம். வலது கையில் வளையல்கள் குலுங்க, இடது கை வெறுமையாக, தலைக்கு மேலே தூக்கியபடி நான் நடந்தேன். கூடத்தில் இருந்த ஒருத்தி, "எங்க ஒங்க இடது கை வளையலு? ஏன் மூளியா இருக்கு?" என்று சத்தமாகவே கேட்டாள். மகள் பதறி எழப் பார்த்தாள்.

"கேன்சருக்கு ஆபரேஷன் பண்ணுன பக்கம். இந்தக் கையில வளையல் போடக் கூடாது" என்றேன், லேபில் கத்தினேனே, அதே குரலில்.

எல்லோரும் சம்பந்தியம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அவர் என் வலது கையை இறுக்கிப் பிடித்திருந்தார், விடவில்லை.