மூன்று மாதச் சைவம்

கே.கே. நகரில் நான் பார்க்கும் டாக்டரம்மாவுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. என் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுகர் வாசல்ல வந்து நிக்குதும்மா. இன்னும் உள்ள வரல" என்றார். மாத்திரை எழுதப் போனவர், எதையோ யோசித்து நிறுத்தினார். "சாப்பாட்ட மாத்துங்க. கறி, முட்டையைக் கொறச்சு, தாவர உணவா சாப்பிடுங்க. தெனமும் நடங்க. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுப்போம்."

எனக்கு மாத்திரை மேல் பயம் கிடையாது. வாடிப்பட்டியில் இருக்கும் என் அண்ணனைப் பார்த்துத்தான் பயம். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. "எல்லாருக்கும் இருக்கிறதுதான்" என்று விட்டுவிட்டார். இப்போது வாரத்தில் மூன்று நாள் மதுரைக்கு வந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஊசி ஏறி ஏறி முண்டு முண்டாகப் புடைத்திருக்கும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு வரும் நாளில், பஸ்ஸில் உட்கார்ந்து என் கையைத் தடவிக்கொண்டே வருவேன்.

ஆகவே விளாங்குடியில் எங்கள் வீட்டில் அன்றைக்கே சைவம் என்று அறிவித்தேன். சைவம் எங்களுக்குத் தெரியாததா? வீட்டில் யாராவது மாலை போட்டால் அசைவப் பாத்திரங்களெல்லாம் பரணுக்குப் போய்விடும். அதேபோல் கறிச்சட்டியைத் தேய்த்துக் கழுவிப் பரணில் ஏற்றினேன்.

"மாலை போட்டது யாரு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"எஞ் சுகரு" என்றேன்.

அதன்பிறகு விரதச் சமையல்தான். காலையில் ஐந்து இட்லி. மதியம் சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, தயிருக்கு ஒரு தடவை என்று சோறு. கூடவே உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். வெள்ளிக்கிழமையானால் வடை, பாயசம். ஆபீஸ் விட்டு வரும் வழியில் வாழைக்காய் பஜ்ஜி. அதுவும் தோட்டத்தில் காய்த்ததுதானே! ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டில் சுக்கா வறுக்கும் வாசம் வந்தபோது, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாயசம் குடித்தேன். அவ்வளவு வைராக்கியம்.

மூன்று மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தால் சுகர் கூடியிருந்தது.

"கறி தின்னப்பவே நல்லா இருந்தேன் டாக்டர்" என்று சண்டைக்கே போய்விட்டேன். அவர் பதறவில்லை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். பாயசம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்க விரதம் இருந்திருக்கீங்கம்மா. அது சாமிக்குச் சரி. நான் கேட்டது காயி, கீரை, பயறு." இன்னும் மூன்று மாதம் தவணை தந்தார். இதிலும் குறையாவிட்டால் மாத்திரைதான் என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடச் சந்தேகம் பெரிதாக இருந்தது. அப்படியானால் இத்தனை நாள் நான் தின்றதுதான் என்ன? விரல் நுனியில் குத்திச் சுகர் பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கினேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்துவது, என்ன தின்றேன் என்பதோடு சேர்த்துக் காலண்டர் தாளில் எழுதுவது. "குத்திப் பாக்குறதுக்குன்னே திங்கிறா" என்று வீட்டுக்காரர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் என் தட்டையே நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை என்று தெரிந்தது. நடுவில் சோறு, ஓரத்தில் தொட்டுக்கொள்ள இரண்டு விரல் அளவு முட்டைக்கோஸ். போதாக்குறைக்கு எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சியதைக் கொட்ட மனமில்லாமல் நான்தான் வழித்துப் போட்டுக்கொள்வேன். அது சாப்பாட்டுக் கணக்கிலேயே சேராது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

தட்டை மாற்றிப் போட்டேன். முதலில் ஒரு கிண்ணம் காய், பிறகு பயறு அல்லது கீரை, கடைசியில் ஒரு கரண்டி சோறு. ஐந்து இட்லி இரண்டானது; கூடவே தட்டைப்பயறு சுண்டல். வயிறு நிறைந்துதான் இருந்தது, ஆனால் மிஷினில் எண் முன்போல் எகிறவில்லை. நம்பாமல் இன்னொரு விரலில் குத்தினேன். அப்போதும் அதே கதைதான். நார் இருப்பதால் மெதுவாகச் செரிக்கும், ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக ஏறாது என்று டாக்டரம்மா விளக்கினார். எங்கள் பக்கம் மாட்டுக்கு வைக்கும் கொள்ளுப் பயறையும் வாங்கித் துவையல் அரைத்தேன். "மாட்டுக்குச் சுகர் வருமா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு இன்னும் அது தெரியாது.

தவணை முடிந்து டெஸ்ட் எடுத்தபோது, இந்த முறை சுகர் இறங்கியிருந்தது. "இப்போதைக்கு மாத்திரை வேணாம். எல்லாருக்கும் இப்படி எறங்கும்னு சொல்ல முடியாது, உங்களுக்கு எறங்கியிருக்கு. விட்டுறாதீங்க" என்றார். கறியை ஒரேயடியாக விட வேண்டியதில்லை, எப்போதாவது கொஞ்சம் சாப்பிடலாம் என்றும் சொன்னார். அன்று எனக்குக் கறி ஞாபகமே இல்லை. அண்ணன் ஞாபகம்தான். எனக்கு வேலை செய்தது அவருக்கும் செய்யாதா?

அடுத்த ஞாயிறு முருங்கைக்கீரைப் பொரியலும் மொச்சைக் கூட்டும் செய்து, இரண்டு தூக்குகளில் நிரப்பிக்கொண்டு வாடிப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். அண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தார். வாசலிலிருந்தே ரிப்போர்ட்டை ஆட்டிக் காட்டிவிட்டு, ஒரு கரண்டி கீரையை அள்ளி அவர் தட்டருகே கொண்டுபோனேன். மதினி ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ தாயி, அவுகளுக்குக் கீரை ஆகாது. மொச்சையும் ஆகாது. அதுல இருக்கிற பொட்டாசியத்தக் கிட்னி வெளியேத்த மாட்டேங்குதாம். ஒடம்புல தங்குனா நெஞ்சையே நிப்பாட்டிரும்னு டாக்டரு சொல்லியிருக்காரு."

அண்ணன் தட்டைப் பார்த்தேன். வெள்ளைச் சோறும், வேகவைத்துத் தண்ணீரை வடித்த பீர்க்கங்காய் கொஞ்சமும் இருந்தன. ஆறு மாதமாக எல்லாக் கேள்வியும் கேட்டவள், இந்த ஒன்றை யாரிடமும் கேட்கவில்லை.

"உக்காருத்தா" என்றார் அண்ணன். "முப்பது வருசமா தோட்டத்துல மொச்சையும் கீரையும் போட்டு சந்தைக்கு ஏத்தி விட்டேன். அம்புட்டும் ஊரான் தின்னான். நம்ம வீட்டுல கறி இல்லாட்டி நான் தட்டுல கை வைக்க மாட்டேன்."

மதினியை எனக்கு ஒரு தட்டு வைக்கச் சொன்னார். என் கையிலிருந்த கரண்டியை வாங்கி, கீரையை அதில் வைத்தார். மொச்சையை வைத்தார். மறுபடியும் கீரை வைத்தார்.

"போதும்ணே."

"போதாது. எனக்கும் சேத்துத் தின்னு."

புடைத்த அந்தக் கையால் அவர் வைக்க வைக்க, நான் அழுதுகொண்டே தின்றேன்.